லைன்மேன் கேட்கத்தான் செய்தார்

என் அன்பு மகளுக்கு அம்மா எழுதிக்கொள்வது. நீயும் மாப்பிள்ளையும் பெரியவனும் சின்னவளும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன், சின்னவளுக்கு இருமல் நின்றதா, நிற்காவிட்டால் குளிர்ந்த தண்ணீர் கொடுப்பதை முதலில் நிறுத்து. இங்கே நாங்கள் எல்லோரும் சுகம் என்று வழக்கம்போல எழுதப் போனேன், பேனா நகரவில்லை. உன் அத்தை நேற்று வாக்கரைப் பிடித்துக்கொண்டு கட்டிலிலிருந்து ஜன்னல் வரைக்கும் போய்வந்தாள், தையல் ஆறி வருகிறது, சனிக்கிழமை வீட்டுக்கு அனுப்பிவிடுவோம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். இதை ஏன் முதலிலேயே எழுதுகிறேன் என்றால், மீதியைப் படிக்கும்போது அவளுக்கு ஏதோ ஆகிவிட்டதோ என்று நீ பதறக் கூடாது. பதற வேண்டியது வேறு விஷயத்துக்கு. இதைப் போனில் சொல்லிவிடலாம் என்று மூன்று நாளாகப் பார்த்தேன். இப்போதெல்லாம் போன் என்றால் முகமும் சேர்ந்து வருகிறது, நான் வாயைத் திறந்ததும் என் முகத்தைப் பார்த்தே பாதியில் 'விடும்மா, உன் மேல என்ன தப்பு' என்பாய், பின்னால் சின்னவள் வந்து பாட்டிக்குப் பல் காட்டுவாள், நான் சிரித்துவிட்டு வைத்துவிடுவேன். அதனால் எழுதுகிறேன். மாடி டைலரம்மா ஒவ்வொரு பக்கமாகப் போட்டோ பிடித்து இன்றைக்கே உன் போனுக்கு அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறாள். படிக்காமல் அனுப்பு என்று சொன்னேன், படிக்கத்தான் போகிறாள், படிக்கட்டும், அவளும் அன்றைக்கு இருந்தவள்தான்.

மூன்றாம் தேதி வெள்ளிக்கிழமை காலை பத்தரை மணிக்கு நம் வீட்டில் இருந்தவர்கள் ஐந்து பேர். நான். உன் அப்பா. உன் அத்தை. மாடி டைலரம்மா. போன் கம்பெனி லைன்மேன். நான் முன்னறையில் நாற்காலியில் உட்கார்ந்து மடியில் முறத்தை வைத்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். உன் அப்பா அதே அறை நடுவில் முக்காலி மேல் ஏறிச் சிலை மாதிரி நின்றிருந்தார், நீ அனுப்பிய பேன்ட் அவருக்கு நான்கு விரல் நீளம், அதை மடக்கித் தைக்க டைலரம்மா அவர் காலடியில் மண்டி போட்டுக் குண்டூசி குத்திக்கொண்டிருந்தாள், மீதி ஊசியெல்லாம் அவள் உதட்டில். உன் அத்தை அவள் அறையில் கட்டிலில் சாய்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தாள், கதவு பாதி திறந்திருந்தது, நான் உட்கார்ந்த இடத்திலிருந்து அவளுடைய வலது காலின் கட்டைவிரல் மட்டும் தெரிந்தது. லைன்மேன் சுவர் ஓரமாக முட்டி போட்டு அந்தப் புதுப் பெட்டியை ஆணி அடித்து மாட்டிக்கொண்டிருந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும், மூக்குக் கண்ணாடியின் ஒரு காதுக் கம்பி உடைந்து நூல் கட்டியிருந்தார், செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் வந்தார், நான் சொல்லாமலே.

வேலையை அவர் ஒழுங்காகத்தான் சொன்னார். தெருவுக்கு அடியில் போகிற செப்புக் கம்பியை எல்லாம் கம்பெனி எடுக்கிறது, இனிமேல் வீட்டுப் போன் இந்த இன்டர்நெட் பெட்டி வழியாகத்தான் பேசும், நம்பர் அதேதான், கருவியும் அதேதான், ஆனால் கரண்டு போனால் போனும் போய்விடும் என்று சொன்னார். 'அப்போ பழசே தேவலையே' என்று உன் அப்பா முக்காலி மேலிருந்து சொன்னார், அவருக்குப் பாதிதான் காதில் விழுந்திருக்கும், ஆனாலும் சரியாகத்தான் சொன்னார். பெட்டியில் பச்சை விளக்கு எரிந்ததும் லைன்மேன் பையிலிருந்து பெரிய போன் மாதிரி ஒன்றை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்துக் கேட்டார். அவர் வார்த்தையை அப்படியே எழுதுகிறேன். 'அம்மா, இந்த லைன்ல வேற ஏதாவது மாட்டியிருக்கீங்களா? திருட்டு அலாரம், முடியாதவங்க கழுத்துல போட்டுக்கிட்டு அழுத்துற பட்டன், அந்த மாதிரி? இருந்தா அது இனிமே தன்னால வேலை செய்யாது, நான்தான் மாத்திக் குடுக்கணும், கால் மணி நேர வேலை.' நான் வெங்காயத்தைப் பார்த்துக்கொண்டு இல்லை என்றேன். அவர் விடவில்லை, நல்ல வேலைக்காரர், இரண்டாவது தடவை கேட்டார், 'வயசானவங்க வேற யாராவது இருக்காங்களாம்மா வீட்ல?' என்று. நான் தலையை நிமிர்த்தி, அந்தப் பாதிக் கதவுக்குக் கேட்கிற மாதிரி, 'எங்க ரெண்டு பேரைத் தவிர இந்த வீட்ல யாரும் இல்ல' என்று சொன்னேன். கட்டிலில் அந்தக் கட்டைவிரல் உள்ளே இழுத்துக்கொண்டது. பேப்பர் புரளுகிற சத்தமும் நின்றது. லைன்மேன் அந்தத் திரையை என் பக்கம் திருப்பினார், பெரிய எழுத்தில் கேள்வியும் அதற்குக் கீழே 'இல்லை' என்றும் இருந்தது, விரலால் கையெழுத்துப் போடச் சொன்னார், போட்டேன். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது, அதனால் அந்தக் கையெழுத்து செல்லாது என்று நீ கம்பெனிக்கு எழுதினாயாமே. அஞ்சாம் வகுப்பு வரைக்கும் நான் போயிருக்கிறேன். அந்த 'இல்லை'யை நானே ஒவ்வொரு எழுத்தாகப் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று கேட்பாய். அன்று காலை எட்டு மணிக்கு நீ போன் செய்தாய், உன் அத்தையோடு இருபத்திரண்டு நிமிஷம் பேசினாய், அவள் சிரித்துச் சிரித்துப் பேசினாள், அப்புறம் போனை என்னிடம் கொடுத்தாள், நீ 'அம்மா, நேரமாச்சு, பஸ்ஸைப் பிடிக்கணும்' என்று வைத்துவிட்டாய். உன்னைக் குறை சொல்லவில்லை, நீ பஸ்ஸைப் பிடிக்கத்தான் வேண்டும். அந்தப் பட்டனையும் நீதான் வாங்கினாய், அவளுக்கு முதல் தடவை தலை சுற்றியபோது. கழுத்தில் மாட்டிக்கொண்டு அழுத்தினால் அவள் அலமாரி மேல் இருக்கிற டப்பா தானாகவே போன் போட்டு ஆளைக் கூப்பிடும் என்று எனக்கு நீ விளக்கிச் சொன்னபோது நான் என்ன நினைத்தேன் தெரியுமா, என் கழுத்துக்கு இவள் இதுவரை என்ன வாங்கியிருக்கிறாள் என்று நினைத்தேன். இவ்வளவு அற்பமாக ஒரு தாய் நினைப்பாளா என்றால், நினைத்தேன், எழுதிவிட்டேன். ஆனால் அதெல்லாம் மேல் பூச்சு. அடியில் இருப்பது உனக்குத் தெரிந்ததுதான், நூறு தடவை கேட்டிருப்பாய், நூற்றியொன்றாவது தடவையும் கேள். நான் ஆஸ்பத்திரியில் கீழ்த்தளத்தில் துணி வெளுக்கும் பிரிவில் விரிப்பு மடித்துக்கொண்டிருந்தேன், உன் அத்தை மூன்றாவது மாடியில் குளிர்ந்த அறையில் காதில் மாட்டிக்கொண்டு போன் ஆபரேட்டர். மத்தியானம் இரண்டு நாற்பதுக்கு என் அண்ணன் அந்த ஆஸ்பத்திரி நம்பருக்குப் போன் போட்டார், அம்மாவுக்கு ரொம்ப முடியவில்லை, தங்கச்சியைக் கூப்பிடுகிறாள், உடனே அனுப்புங்கள் என்று. எடுத்தவள் உன் அத்தை. என் பிரிவுக்கு லைன் கொடுக்க அவள் ஒரு கம்பியைப் பிடுங்கி ஒரு ஓட்டையில் செருக வேண்டும், அவ்வளவுதான் வேலை. செருகவில்லை. ஐந்து மணி பஸ் போனது. மறுநாள் காலை எனக்குக் காப்பி கொடுத்துவிட்டுச் சொன்னாள். நான் போய்ச் சேர்ந்தபோது எரித்து முடித்திருந்தார்கள், என் அம்மாவின் முகம் எங்கேயும் இல்லை. ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, 'ஏழு மாசம் அண்ணி உங்களுக்கு, அந்த வாரம்தான் ரத்தம் வேற பட்டுச்சு, ஒம்பது மணி நேரம் பஸ்ல குலுங்கிப் போனா குழந்தை என்ன ஆகும்' என்றாள். அந்தக் குழந்தை நீ. நீ நல்லபடியாகப் பிறந்தாய், ஆறு பவுண்டு. டாக்டரும் அவள் செய்தது சரி என்றார். சரியாக இருக்கலாம். என்னைக் கேட்டிருக்கலாம் அல்லவா. முப்பத்தெட்டு வருஷமாக நான் கேட்பது அது ஒன்றுதான், என்னைக் கேட்டிருக்கலாம் அல்லவா. ஆகவே லைன்மேன் என்னைக் கேட்டபோது பதில் என் கையில் இருந்தது, கொடுக்காமல் வைத்துக்கொண்டேன்.

ஆனால் இதைக் கோபத்தில் வாய் தவறி வந்த ஒரு வார்த்தை என்று நீ எனக்காக மழுப்பிவிடக் கூடாது, அதற்காக அடுத்ததையும் எழுதுகிறேன், இதை நான் இன்னும் உன் அப்பாவிடம்கூடச் சொல்லவில்லை. ஆறாம் தேதி திங்கட்கிழமை அவள் அறையைப் பெருக்கப் போனேன். அலமாரி மேல் அந்த டப்பாவில் எப்போதும் பச்சை விளக்கு எரியும், அன்று சிவப்பு எரிந்தது. பார்த்தேன். டப்பாவைத் தூக்கி, அடியில் தூசி துடைத்து, திரும்ப வைத்தேன். அவள் கட்டிலில்தான் இருந்தாள், நான் பார்த்ததை அவளும் பார்த்தாள். இருபத்தாறு வருஷம் போன் ஆபரேட்டராக இருந்தவளுக்கு அந்தச் சிவப்பு என்னவென்று தெரியாதா. வாயைத் திறந்து, அண்ணி, என் பட்டன் செத்துப்போச்சு, அந்த ஆளைத் திரும்பக் கூப்பிடுங்க என்று ஒரு வார்த்தை கேட்கட்டும், உடனே கூப்பிடுகிறேன் என்று நினைத்தேன். நினைத்தது நிஜம், கூப்பிட்டிருப்பேன். அவளோ நானாகச் சொல்லட்டும் என்று இருந்தாள் போலிருக்கிறது. இரண்டு பேரும் அந்தச் சிவப்பு விளக்கை நடுவில் வைத்துக்கொண்டு எட்டு நாள் ஒரே மேஜையில் சாப்பிட்டோம், தக்காளி என்ன விலை, மழை வருமா என்று பேசினோம்.

பதினான்காம் தேதி செவ்வாய்க்கிழமை உன் அப்பாவைக் காது டாக்டரிடம் கூட்டிப்போனேன். ஒன்பதே முக்காலுக்குக் கிளம்பினோம். பத்து இருபதுக்கு அவள் குளியலறைக்குப் போக எழுந்தவள் தன் அறை வாசற்படியில் கால் இடறி விழுந்திருக்கிறாள், பத்து இருபது என்று எப்படித் தெரியும் என்றால் விழுந்த இடத்திலிருந்து அவளுக்குச் சுவர்க் கடிகாரம் தெரிந்திருக்கிறது, அவளுடைய கைப்போன் மேஜை மேல் சார்ஜில் கிடந்தது. மாடியில் டைலரம்மா மெஷின் ஓட்டிக்கொண்டிருந்தாள், இவள் கூப்பிட்டது கேட்கவில்லை. நாங்கள் திரும்பி வந்தது ஒன்றே முக்கால். மூன்று மணி இருபத்தைந்து நிமிஷம் அவள் இடுப்பு எலும்பு உடைந்து அந்தத் தரையில் கிடந்தாள். நான் கதவைத் தள்ளிக்கொண்டு போனபோது அவள் கை கழுத்தில் இருந்த பட்டனை அழுத்திக்கொண்டே இருந்தது, என்னைப் பார்த்த பிறகும் விடவில்லை, நான் விரலைப் பிரித்து எடுத்தேன், கட்டைவிரல் நுனியில் பட்டன் அச்சு வட்டமாகப் பதிந்திருந்தது. வேலை செய்யாது என்று தெரிந்தும் ஏன் அழுத்தினாள் என்று யோசிக்கிறாயா. நானும் யோசிக்கிறேன். விரிப்பைச் சுருட்டித் தலைக்கு வைத்து அவள் முகத்தைத் துடைத்தபோது அவள் சொன்ன முதல் வார்த்தை, 'அண்ணனுக்குக் காது எப்படி இருக்காம்?' என்பது.

அன்று மாலை ஆஸ்பத்திரி வராந்தாவில் நீ என்னைப் போனில் பிடித்தாய், அழுதுகொண்டே கத்தினாய், 'பட்டன் இருக்கான்னு அந்த ஆள் கேக்கவே இல்லையாம்மா?' என்று. கேள்வியிலேயே பதிலை வைத்துக் கொடுத்தாய். நான் 'கேக்கல' என்றேன். அவ்வளவுதான், ஒரு வார்த்தை. அப்புறம் நடந்ததெல்லாம் உனக்கு என்னைவிட நன்றாகத் தெரியும், மறுநாளே நீ புகார் எழுதினாய், மாப்பிள்ளை அதை இன்டர்நெட்டிலும் போட்டார், முன்பின் தெரியாத ஜனங்கள் எல்லாம் அந்த லைன்மேனைத் திட்டித் தீர்த்தார்களாம், டைலரம்மா படித்துக் காட்டினாள். கம்பெனி பயந்துபோய் அவரை சஸ்பெண்டு செய்துவிட்டது, இருபத்தெட்டாம் தேதி விசாரணை, அதில் தப்பு என்று முடிவானால் வேலை போய்விடும். நான் டைலரம்மாவிடம், நீயும்தானே இருந்தாய், நீ ஏன் வாயைத் திறக்கவில்லை என்று கேட்டேன், என் குற்றத்தில் அவளுக்கும் ஒரு துண்டு கொடுக்கலாம் என்று ஒரு நப்பாசை. 'அம்மா, அப்போ என் வாய்ல ஏழு ஊசி இருந்துச்சு, அப்புறம் உங்க முகத்தைப் பாத்தேன், ஊசி எடுத்த பிறகும் வாய் திறக்கல' என்றாள். உன் அப்பாவிடம் கேட்டேன், 'அந்த ஆள் ஏதோ கேட்டாரு, நீ ஏதோ சொன்ன, உங்க ரெண்டு பேருக்கும் திருப்தியாத்தானே இருந்துச்சு' என்றார்.

இந்த இருபதாம் தேதி திங்கட்கிழமை மத்தியானம் கதவைத் தட்டுகிற சத்தம் கேட்டுச் சங்கிலியைப் போட்டுக்கொண்டே திறந்தேன். அந்த லைன்மேன். கம்பெனிச் சட்டை இல்லை, கையில் ஹெல்மெட், கண்ணாடியில் அதே நூல். சண்டைக்குத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்து நானும் வாயில் நாலு வார்த்தை தயாராக வைத்துக்கொண்டேன். அவர் சொன்னதைக் கேள். 'அம்மா, நான் வேலைக்காகக் கெஞ்ச வரல. அன்னிக்கு நான் உங்களை ரெண்டு தடவை கேட்டேன்னுதான் எனக்கு ஞாபகம், நீங்க வெங்காயம் உரிச்சுக்கிட்டிருந்தீங்க. ஆனா எல்லாரும் கேக்கலைன்னு சொல்லிச் சொல்லி எனக்கே இப்போ சந்தேகம் வந்துருச்சு. ஒரு நாளைக்கு ஏழெட்டு வீடு போறேன், வேற வீட்ல கேட்டதை உங்க வீட்ல கேட்டதா நெனைச்சுக்கிட்டேனோ என்னமோ. நான் கேக்காம விட்டிருந்தா அந்தம்மா தரையில கெடந்ததுக்கு நான்தான் பொறுப்பு. அதை மட்டும் எனக்குத் தெரிஞ்சுக்கணும், நீங்க சொன்னா நம்புவேன்.' மகளே, உன் அம்மா எப்படிப்பட்டவள் என்று உனக்குத் தெரியும். உன் கல்யாணத்தில் யார் யார் சாப்பிடாமல் போனார்கள் என்று வரிசையாகச் சொல்வேன். சலவைப் பிரிவில் எந்த வருஷம் எந்த மெஷினில் யார் கை மாட்டியது என்று மேஸ்திரி என்னைத்தான் கேட்பார். இத்தனை வயதில் ஒரு தடவைகூட நான் சொல்லாத வார்த்தையை அந்தச் சங்கிலிக்குப் பின்னால் நின்று சொன்னேன். 'எனக்கு ஞாபகம் இல்லப்பா' என்றேன். அவர் கோபப்படவில்லை. 'பரவால்லம்மா, வயசானா அப்படித்தான்' என்றார், அந்தம்மா எப்படி இருக்காங்க என்று விசாரித்தார், கதவு இடுக்கில் எட்டிப் பார்த்து, 'அந்தப் பெட்டி மேல துணி போட்டு மூடாதீங்க, சூடாகிடும்' என்றார், படி இறங்கிப் போனார். நான் போய்த் துணியை எடுத்தேன். எடுத்துவிட்டு அங்கேயே தரையில் உட்கார்ந்தேன், உன் அப்பா டீ கேட்டு மூன்று தடவை கூப்பிட்டார், எழுந்திருக்க முடியவில்லை.

மறுநாள் செவ்வாய்க்கிழமை தனியாகவே பஸ் ஏறிக் கம்பெனி ஆபீசுக்குப் போனேன், டோக்கன் கொடுத்து உட்கார வைத்தார்கள், எல்லோரும் என்னை பில் கட்ட வந்தவள் என்றே நினைத்தார்கள். கடைசியில் உள்ளே ஒரு அதிகாரியம்மா, உன் வயதுதான் இருக்கும். லைன்மேன் கேட்டார், நான்தான் இல்லை என்றேன், பிறகு கேட்கவில்லை என்று பொய்யும் சொன்னேன் என்று அவளிடம் சொன்னேன். அவள் என்னைப் பரிதாபமாகப் பார்த்து, 'பாட்டிம்மா, அந்த ஆள் உங்க வீட்டுக்கு வந்தாரா, ஏதாவது மிரட்டினாரா' என்று கேட்டாள். பார்த்தாயா, உண்மையைச் சொன்னாலும் எடுபடாத இடத்துக்குக் கொண்டுபோய் விட்டிருக்கிறேன். மிரட்டவில்லை என்றேன். அப்போது அவள் கம்ப்யூட்டரைத் திருப்பி, அடிபட்டவங்களே இப்படிச் சொல்லியிருக்காங்களே என்று ஒரு வாக்குமூலத்தைப் படித்துக் காட்டினாள். பதினெட்டாம் தேதி ஆஸ்பத்திரிக்கு ஆள் அனுப்பி உன் அத்தையிடம் எழுதி வாங்கியிருக்கிறார்கள், அது எனக்குத் தெரியாது. அதில் இருந்தது இது. 'நான் என் அறையில் விழித்துக்கொண்டுதான் இருந்தேன். அவர் எதுவும் கேட்கவில்லை. எங்கள் அண்ணி எதையும் மறக்கிறவர் அல்ல. கேட்டிருந்தால் என் பட்டனைப் பற்றிக் கட்டாயம் சொல்லியிருப்பார்.' அவள் படித்து முடித்ததும் நான் தண்ணீர் கேட்டேன். நான் என்ன எழுதிக் கொடுத்தாலும் அது போதாதாம், புகார் உன் பெயரில் இருக்கிறதாம், நீ அதைத் திரும்ப வாங்க வேண்டும், அத்தையும் வாக்குமூலத்தை மாற்ற வேண்டும், அப்போதுதான் அந்த ஆளை விடுவார்களாம்.

நேற்று உன் அத்தையைப் பார்க்கப் போனேன். நம் பழைய ஆஸ்பத்திரிதான், இப்போது விரிப்பெல்லாம் வெளியே யாரோ வெளுத்துத் தருகிறார்களாம், மூலை மடிக்கவே தெரியவில்லை, அவள் கட்டிலில் இருந்ததைப் பிரித்து நான் மறுபடி போட்டேன். பின்னால் உட்கார்ந்து தலை வாரிவிட்டேன், முகத்தைப் பார்க்காமல் பேச அதுதான் வசதி. ஏன் அப்படி எழுதிக் கொடுத்தாய் என்று கேட்டேன். தலையைத் திருப்பாமலே சொன்னாள், 'உங்களைக் காட்டிக் குடுத்துட்டு நான் எந்த வீட்டுக்கு அண்ணி திரும்பி வருவேன்?' என்று. முப்பத்தெட்டு வருஷமாக அவள் என்னோடு இருக்கிறாள், உன்னைக் குளிப்பாட்டிப் பள்ளிக்கு அனுப்பியவள் அவள், நான் ஷிப்ட் முடிந்து வரும்போது நீ அவள் மடியில் தூங்கியிருப்பாய், அப்படிப்பட்டவள் என்னைப் பார்த்துப் பயந்துகொண்டுதான் இருந்திருக்கிறாள் என்று எனக்கு நேற்றுத்தான் தெரிகிறது. அந்த லைன்மேன் என்ன பாவம் செய்தார் என்று கேட்டேன். 'அவருக்கு வேற கம்பெனி கெடைக்கும்னு நெனைச்சேன்' என்றாள், சொல்லும்போதே குரல் இறங்கிவிட்டது, அவளுக்கும் அது தப்பு என்று தெரியும். அவர் வாசலில் வந்து நின்று கேட்டதை, தான் கேட்டோமா இல்லையா என்று அவருக்கே தெரியாமல் போனதை, சொன்னேன். அவள் அழுதாள். வாக்குமூலத்தை மாற்றுகிறாயா இல்லையா, மாற்றாவிட்டால் பின்னலைப் பாதியிலேயே விட்டுவிட்டுப் போகிறேன் என்றேன், அழுகைக்கு நடுவில் சிரித்துவிட்டாள், மாற்றிக் கையெழுத்துப் போடுகிறேன் என்றாள். இன்று காலை டைலரம்மா போய் எழுதி வாங்கிவந்துவிட்டாள், அவளும் தன் சாட்சியைத் தனித்தாளில் எழுதியிருக்கிறாள், ஊசியைப் பற்றி வேண்டாம் என்றேன், அதையும் எழுதியிருக்கிறாள்.

இனி மிச்சம் இருப்பது நீ. இன்றைக்கே கம்பெனிக்கு எழுது, என் அம்மா பொய் சொன்னாள் என்று அந்த வார்த்தையையே போட்டு எழுது, வயதானவள், குழம்பிவிட்டாள் என்று எனக்குப் பூசி எழுதாதே, நான் குழம்பவில்லை. மாப்பிள்ளை போட்டதை எடுத்துவிட்டால் மட்டும் போதாது, அதே இடத்தில் அந்த ஆள் கேட்டார் என்று போடச் சொல், திட்டியவர்கள் பார்க்கட்டும். விசாரணை இருபத்தெட்டு, செவ்வாய்க்கிழமை, காலை பதினொரு மணி, அதற்கு முன்னால் போய்ச் சேர வேண்டும், மறந்துவிடாதே. அவர் வீட்டுக்கு நான் நாளைக்குப் போகிறேன், டைலரம்மா விலாசம் விசாரித்து வைத்திருக்கிறாள், இரண்டு தடவை கேட்டீர்கள் என்று அவர் முகத்தைப் பார்த்து நானே சொல்ல வேண்டும், அவர் வீட்டுக்காரி என்னைப் படியிலிருந்து தள்ளினாலும் சரி. நீ வாங்கிக் கொடுத்த பட்டனுக்கு நீ அழுத அழுகை எனக்குத் தெரியும், என் மேல் உனக்கு வருகிற கோபம் நியாயம், எவ்வளவு நாள் வேண்டுமோ வைத்துக்கொள், என்னிடமிருந்துதான் நீ அதைக் கற்றிருப்பாய். என்னை மன்னிப்பது உன் பாடு, நான் கேட்க மாட்டேன். உன் அப்பாவுக்கு இரண்டு காதுக்கும் கருவி வைக்கச் சொல்லியிருக்கிறார்கள், வேண்டாம் என்கிறார், நீ சொன்னால் கேட்பார். பெரியவனைக் குனிந்து படிக்க விடாதே. நீங்கள் நான்கு பேரும் நோய் நொடி இல்லாமல், ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டு, சொல்லிக்கொண்டு, நீண்ட காலம் வாழ வேண்டும்.

ஒன்று விட்டுவிட்டேன். நேற்று பின்னலை முடித்து நான் எழுந்தபோது உன் அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டு, 'அன்னிக்கு நான் உங்களுக்குச் சொல்லல, இன்னிக்கு நீங்க எனக்குச் சொல்லல, ரெண்டும் நேராயிடுச்சு அண்ணி, இத்தோட விட்டுடலாம்' என்றாள். அவ்வளவு லேசாகச் சொன்னாள், தலையணையைத் திருப்பிப் போடச் சொல்கிற மாதிரி. நான் கையை உருவிக்கொண்டு வந்துவிட்டேன். என் அம்மா என்னைக் கூப்பிட்டபடி போனது ஒன்று, இவள் தரையில் கிடந்து பட்டனை அழுத்தியது வேறொன்று. நான் செய்ததற்கு நான் பட வேண்டியது இன்னும் கிடக்கிறது, அதற்குள் தன் இடுப்பு எலும்பைக் கொடுத்து என்னை விடுவிக்க இவள் யார். இந்தத் தடவையும் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. டைலரம்மாவை மன்னித்துவிட்டேன், உன் அப்பாவை மன்னித்துவிட்டேன், என்னைப் பாட்டிம்மா என்று கூப்பிட்ட அந்த அதிகாரியையும் மன்னித்துவிட்டேன். சனிக்கிழமை வண்டி வைத்துக் கூட்டிவருவேன், தூக்கிப் படுக்க வைப்பேன், மூன்று வேளையும் ஊட்டுவேன், குளிப்பாட்டுவேன், பட்டனை லைன்மேனைக் கொண்டே சரியாக்குவேன். ஆனால் மன்னிக்க மாட்டேன், உன் அத்தையை.

இப்படிக்கு,
உன் அம்மா